குடும்ப டிக்கெட்

ராட்டினப் பூங்காவின் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைய பொழுது எப்படிப் போகப்போகிறது என்று. காவலாள் ரொட்டிப் பொட்டலத்தையும் அவித்த முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம், இங்கேயே சாப்பிட்டு முடித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அந்தத் தொட்டியில் போட்டுவிடுங்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன குரல்.

அவன் கொஞ்சம் தள்ளி நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா அப்போதே சொன்னேன் இல்லையா என்று மூத்த மகளிடம், பெரியவளிடம், கேட்டான். மனைவியிடம் நேராகச் சொல்லவில்லை. பிரிந்ததிலிருந்து இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நீங்க என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை, நீ என்று சொல்லவும் மனம் துணியவில்லை. அதனால் எல்லாம் பிள்ளைகள் வழியாகவே போய் வந்தது. உங்க அப்பாகிட்ட சொல்லு, உங்க அம்மாவைக் கேளு. ஏழு வயதுப் பெண் இந்த ஒரு வருடமாகத் தபால்காரி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விடியுமுன் எழுந்து செய்த சாப்பாடு. தொட்டியில் போட அவளுக்குக் கை வரவில்லை. வாசலிலேயே, வரிசையில் வருகிற குடும்பங்கள் எல்லாம் பார்க்க, பிள்ளைகளை நிற்கவைத்து ஊட்டினாள். சின்னவனுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். அவன் முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை அம்மாவின் கையிலேயே துப்பினான். பெரியவள் ஜாம் தடவிய ரொட்டியை அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவுக்குப் பசிக்கலடா என்றான். பொய். அவனுக்குப் பசித்தால் காது மடல் சிவக்கும் என்பது எட்டு வருடம் கூட இருந்தவளுக்குத் தெரியும். சிவந்துதான் இருந்தது. பசியோடு கிடக்கட்டும் என்று மிச்ச ரொட்டியையும் அவளே தின்றாள். கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றாள்.

இந்தப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று பெரியவள் கேட்டது அவளுடைய பிறந்தநாளுக்கு. இரண்டு பேரும் வரணும் என்றாள். தனித்தனியாகக் கேட்டிருந்தால் தனித்தனியாக மறுத்திருப்பார்கள். ஒரே வாரத்தில் இருவரிடமும் கேட்டுவிட்டாள். கூட்டிப்போனது யார் என்ற பெயரை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அவன் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லையென்றால் வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அவளுக்கு மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. மாதக் கடைசியில் விடுப்பு எடுத்தால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனாலும் இருவரும் வந்தார்கள். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து வந்தால் குடும்ப டிக்கெட், தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு. பாதி அவனுடையது, பாதி அவளுடையது என்று பெரியவள் மூலம் பேசி முடிவானது.

டிக்கெட் கொடுக்கும் பெண், நிமிராமலே குடும்பமா என்று கேட்டாள். பெரியவள்தான் ஆமா என்றாள்.

கவுண்டர் பக்கத்தில் ஒரு மரக் கரடி கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையைவிட உயரமான பிள்ளைக்குத் தனியாக முழு டிக்கெட். கைக்குக் கீழே நுழைகிற பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டை கட்டி உள்ளே விட்டுவிடுவார்கள். வாண்டு ஓடியே போய்விட்டான். பெரியவள் கரடியருகே போனபோது அப்பா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். தோளில் கை வைத்து லேசாக அழுத்தினான். பிறந்தநாள் கவுனின் அடியில் முழங்கால்கள் மடங்கியது வெளியே தெரியவில்லை. தலைமுடி கரடியின் உள்ளங்கையை உரசிக்கொண்டு போயிற்று. கவுண்டர்ப் பெண் அவளுக்கும் மஞ்சள் பட்டை கட்டினாள்.

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மிச்சமாகிற காசில் பாதி தன்னுடையது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பின்னால் ஏதாவது ஆனால் பழி அவன் மேல்தான் என்பதும் நினைவிருந்தது.

உள்ளே போனதும் வெயில் மண்டையைப் பிளந்தது. மரக் குதிரையில் சுற்றினார்கள். கோப்பை ராட்டினத்தில் சுற்றினார்கள். செடிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற ஒரு குட்டி ரயிலில் வாண்டு மூன்றாவது முறையாக ஏறி உட்கார்ந்து எல்லோருக்கும் டாட்டா காட்டினான். பெரியவளும் அதில்தான் உட்கார வேண்டியிருந்தது. முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. சுற்றிலும் புட்டிப் பால் குடிக்கிற பிள்ளைகள். அவள் கண் முழுக்கத் தூரத்தில் உச்சிக்கு ஏறித் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த புயல் ரயில் மேலேயே இருந்தது. வகுப்பில் ஒரு பெண் அதில் போய்வந்து ஒரு மாதம் கதை சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் இவ்வளவும்.

அவன் பஞ்சு மிட்டாய் வாங்கினான், இரண்டு பிள்ளைக்கும் இரண்டு, தலையைவிடப் பெரிதாக. வாண்டின் முகமும் சட்டையும் பிசுபிசுத்தன. அவள் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவன் ஐஸ்கிரீம் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று வாண்டின் வாயைத் துடைத்தபடி வாண்டிடமே சொன்னாள். தினம் பல் விளக்க வைப்பது, மருந்து குடிக்க வைப்பது, கணக்கு வாய்ப்பாடு, எல்லாம் ஒருத்தி. வாங்கிக் கொடுக்க மட்டும் ஒருத்தர். அவன் பெரியவளிடம் திரும்பி, உங்க அம்மா கூட வந்தா கல்யாண வீடும் எழவு வீடு மாதிரி இருக்கும் என்றான். பெரியவள் யாரிடமும் எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஐஸ்கிரீம் கையில் வழிந்தது.

புயல் ரயிலின் வரிசை வளைந்து வளைந்து போயிற்று. பெரியவளைக் கூட்டிக்கொண்டு அவன் முன்னால் நின்றான். வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே கம்பியைப் பிடித்து நின்றாள். ரயில் உச்சியிலிருந்து விழும்போதெல்லாம் பெரியவள் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினாள். அவர்கள் முறை வந்தது. தொப்பி போட்ட ஒரு நடுவயதுப் பெண்மணி வாசலில் நின்று பட்டைகளைப் பார்த்துப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சப் பட்டைக்கு இது கிடையாதும்மா. சின்னப் பிள்ளைங்க ராட்டினம் அந்தப் பக்கம்."

அவனுக்கு உடனே குரல் ஏறிவிடும். பிள்ளை உயரமாகத்தான் இருக்கிறாள், வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போலிருந்தது.

"உயரம் இருந்தா வாசல்ல எப்பிடி மஞ்சப் பட்டை கட்டுனாங்க? யாரு இருந்தா கவுண்டர்ல?" பெண்மணி இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஒரு சிவப்புக் கோடு. "இங்க வா பாப்பா. வந்து நில்லு."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவள் வாக்கி டாக்கியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவன் காது மட்டுமல்ல, கழுத்தும் சிவந்திருந்தது. பிறகு அவள் தானாகவே நடந்துபோய்ப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றாள். யாரும் காதில் எதுவும் சொல்லவில்லை. யாரும் தோளைத் தொடவில்லை. கவுனின் விளிம்பு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. தலை கோட்டுக்குக் கீழே போயிற்று.

"நான் சின்னப் பொண்ணுதான் ஆன்ட்டி. அப்பாவுக்குத் தெரியல."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பெண்மணி அந்தப் பிள்ளையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வாக்கி டாக்கியை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டாள். வரிசை நகர்ந்தது. அவர்கள் எதிர்ப்பக்கமாக, வருகிறவர்களையெல்லாம் இடித்துக்கொண்டு, வெளியே வரவேண்டியிருந்தது.

கழிப்பறைச் சுவரோரம் கொஞ்சம் நிழல் இருந்தது. பிள்ளைகளைத் தண்ணீர்க் குழாயடியில் விட்டுவிட்டு அவள் அவனுக்கு நேராக வந்து நின்றாள். வருடக்கணக்கில் வாயில் வராத சொல் சட்டென்று வந்தது.

"நீ ஒரு மனுசனா? பெத்த பிள்ளைய எல்லார் முன்னாடியும் பொய் சொல்ல வெச்சிட்டல்ல?"

"நான் குனியச் சொன்னப்ப நீ எங்க பாத்துக்கிட்டு நின்ன?" அவன் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "பாதிக் காசு மிச்சம்னுதானே வாய மூடிக்கிட்டு இருந்த. இப்ப வந்து நாயம் பேசற."

பதில் இல்லாதபோது அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காகும். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பெரியவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். கவுண்டரில் ஒரு முழு டிக்கெட் கேட்டாள். அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. மஞ்சள் பட்டை கையால் கிழிக்க வரவில்லை, கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது. அதற்குள் அவன் வாண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். என்னைக் கேவலப்படுத்தத்தானே இதெல்லாம் என்றான். பாதியை நான் தருகிறேன் என்றான். அவள் முழு டிக்கெட்டுக்குக் கொடுத்த பச்சைப் பட்டையைப் பெரியவளின் கையில் கட்டினாள். உன் பாதியை நீயே வைத்துக்கொள் என்றாள்.

"வேணாம்மா," என்றாள் பெரியவள். "எனக்கு அது புடிக்கல."

"புடிக்கும். வா."

"வயித்த வலிக்குது."

"பேசாம வா."

மறுபடியும் அந்த வளைவு வளைவான வரிசை. இம்முறை இருவரும் கூட நின்றார்கள், பிள்ளை நடுவில். இருவரும் அவள் தலைக்கு மேலே வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாண்டு அப்பாவின் தோளில் தூங்கிவிட்டான். தொப்பிப் பெண்மணி பச்சைப் பட்டையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், இரண்டு பெரியவர்களையும் பார்த்தாள். கேட்பதற்கு நிறைய இருந்திருக்கும்.

"நிமிந்து நில்லு பாப்பா," என்று மட்டும் சொன்னாள்.

பெரியவள் நிமிர்ந்தாள். தலை சிவப்புக் கோட்டைத் தாண்டி நன்றாகவே மேலே போயிற்று.

கூட யாராவது வரலாம் என்றாள் பெண்மணி. நான் வர்றேன் என்றான் அவன், வாண்டை அவளிடம் நீட்டியபடி. நான் போறேன் என்றாள் அவள், கைப்பையை அவன் பக்கம் நீட்டியபடி. பெரியவள் இருவரையும் பார்க்காமல் சுழல் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதல் பெட்டியில், முதல் இருக்கையில், தனியாக ஏறி உட்கார்ந்தாள். மடிக்கு மேல் இரும்புக் கம்பி இறங்கி டக்கென்று பூட்டிக்கொண்டது.

ரயில் கடகடவென்று உச்சிக்கு ஏறியது. கீழே நின்ற இருவரும் கைகளைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். உச்சியில் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் அலறினார்கள். அந்த அலறலில் தங்கள் பிள்ளையின் குரல் எது என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு தேடினார்கள். ஒரு முறை அவளுக்குக் கேட்டது போலிருந்தது. அதே நொடியில் அவனும் தலையைத் திருப்பினான், ஆனால் வேறு பக்கமாக. ரயில் வளைந்து, கவிழ்ந்து, தூண்களுக்குப் பின்னால் மறைந்து, கறுப்பாக எண்ணெய் வழியும் தண்டவாளத்தில் உரசிக்கொண்டு வந்து நின்றது.

கம்பிகள் ஒரே சமயத்தில் மேலே தூக்கிக்கொண்டன. பிள்ளைகள் குதித்து இறங்கி, தள்ளாடி, சிரித்து, அப்பா அம்மாவிடம் ஓடினார்கள். பெட்டிகள் காலியாயின. முதல் இருக்கையில் மட்டும் பெரியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முடி முகமெல்லாம் கலைந்து கிடந்தது, ஒதுக்கிக்கொள்ளவில்லை. கண்கள் நேராக முன்னால், தண்டவாளம் ஏறத் தொடங்குகிற இடத்தில். தொப்பிப் பெண்மணி குனிந்து ஏதோ கேட்டாள். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பாமலே இரண்டு கையாலும் மேலே தூக்கியிருந்த இரும்புக் கம்பியை எட்டிப் பிடித்து, தன் மடிமேல் தானே இறக்கிக்கொண்டாள்.

பெண்மணி நிமிர்ந்து வரிசைப் பக்கம் பார்த்து, இந்தப் பிள்ளையோடு வந்தது யார் என்று கேட்டாள். இருவரும் ஒன்றாக நகர்ந்தார்கள். அவன் தோளில் தூங்குகிற பிள்ளை, அவள் அக்குளில் கைப்பை. சுழல் கம்பி ஒரு சமயத்தில் ஒரு ஆளைத்தான் உள்ளே விடும். இருவரும் அதன்மேல் கையை வைத்தபடி நின்றார்கள்.