வேணாம் என்று சொன்ன வண்டி

தரகரின் இடத்துக்குள் காலை வைத்ததுமே மெக்கானிக்கின் நடை தளர்ந்தது. விற்பனைக்கு வந்த பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும் மண்தரை அது. வரிசையின் கடைசியில், வேலியை ஒட்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்தப் பச்சை நிற ஃபோர் வீல் வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கணக்கு வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். “ஒரு வண்டி பாக்கணும், காலையில வர முடியுமா தம்பி” என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தார். எந்த வண்டி என்று சொல்லியிருந்தால் மெக்கானிக் இடுப்பு வலி, கால் வலி என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். ஏனென்றால் போன வருஷம் இதே வண்டியை, இதே மனிதருக்காகப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

வேண்டாம் என்று சொல்வதுதான் அவருடைய பிழைப்பே. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் பெரியவர்களை அழைத்துப் போகிற மாதிரி அவரை அழைத்துப் போவார்கள். தரகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. முதுகுக்குப் பின்னால் ‘வேணாம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எஞ்சின் சூடாக இருந்தால் அது முழுசாக ஆறும்வரை கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். முன்கூட்டியே சூடு பண்ணி வைக்கிறார்கள் என்றால் ஏதோ வியாதியை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அடிப்பக்கம் புதுக் கறுப்பு பெயின்ட் பளபளத்தால், “துருவுக்குப் பவுடர் பூசியிருக்கு” என்பார். ஃபோர் வீல் லீவரை ஆட்டிப் பார்த்து ஏமாறவும் மாட்டார். முன் சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றி விற்றுவிட்டு, லீவரை மட்டும் சமர்த்தாக விட்டுவைத்திருக்கிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். நாலு டயரும் ஒரே அளவா, ஸ்டீயரிங்கில் எவ்வளவு ஆட்டம், கியர் பாக்ஸ் அடியில் எண்ணெய் ஈரம் உண்டா என்று ஒன்று விடாமல் பார்ப்பார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றும் உண்டு. சந்தேகம் என்று வந்துவிட்டால் அதைத் தீர்த்துக்கொள்ள அவர் மெனக்கெடுவதில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சரி என்று சொன்ன வண்டி நடுவழியில் நின்றால் ஆள் தேடிவந்து சட்டையைப் பிடிப்பான். வேண்டாம் என்று சொன்ன வண்டிக்காக இந்த முப்பது வருஷத்தில் ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. வாங்காத வண்டி நல்ல வண்டியா என்று யாருக்குத் தெரியப்போகிறது?

வாத்தியாரின் வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. மூன்று கிலோமீட்டர் மண் பாதை. மழை பிடித்தால் அவருடைய சின்னக் கார் அதில் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. மனைவிக்கு இதயம் பலவீனம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கிற மகள் தினமும் போன் போட்டு, “அப்பா, பழசா இருந்தாலும் பரவால்ல, ஒரு ஃபோர் வீல் வண்டி வாங்கிடுங்க” என்று நச்சரித்தாள். அப்போது கண்ணில் பட்டதுதான் இந்தப் பச்சை வண்டி. மெக்கானிக் பார்த்துவிட்டு, பின்னால் வண்டியைத் தாங்குகிற சேசிஸ் இரும்பு துருப்பிடித்திருக்கிறது, ஏற்றத்தில் முறிந்தால் ஆபத்து, வேறு பார்க்கலாம் என்றார். வாத்தியார் மறுபேச்சுப் பேசவில்லை.

பத்தொன்பதாம் நாள் அந்த அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலை விட்டு நூறு அடி போவதற்குள் சின்னக் கார் சேற்றில் புதைந்துவிட்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலு பேர் அந்த அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே தலை சாய்ந்துவிட்டது. துக்கம் விசாரிக்கப் போனபோது வாத்தியார் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்தீங்களே” என்றார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று மெக்கானிக் பலமுறை நினைத்ததுண்டு.

அடுத்த மாதமே ஒரு தீவன வியாபாரி அந்த வண்டியை வாங்கிவிட்டார். இப்போது கடையை மூடிவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறாராம். வண்டி மறுபடி தரகரிடமே வந்து சேர்ந்திருந்தது.

“அண்ணே, இந்தத் தடவையாவது வாயத் தொறந்து நல்ல வார்த்த சொல்லுங்க” என்றார் தரகர். அந்த அம்மாவின் சாவு அவருக்குத் தெரியாது. “பதினோரு மாசம் மூட்ட ஏத்தியிருக்காரு. பாருங்க, அசையல.”

இன்னொரு ஆள் வந்து கூப்பிட்டதும் தரகர் அந்தப் பக்கம் போய்விட்டார். மெக்கானிக் பானட்டைத் திறந்தார், மூடினார். டயரை உதைத்துப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைக் கழற்றித் தண்ணீரின் நிறத்தை அவசியத்துக்கு மேலேயே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் வேணாம் தம்பி” என்றார் வாத்தியார். “நான் வண்டி வாங்க வரல. இனிமே எனக்கு எதுக்கு வண்டி.”

மெக்கானிக் நிமிர்ந்தார்.

“இது தினம் மூட்டையோட மேட்டுல ஏறி என் வாசல் வழியாத்தான் போகும். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். மழையிலயும் போகும். நான் கதவ சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருப்பேன். ஆனாலும் சத்தம் கேக்கும்ல.” அவர் வண்டியைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துப் பேசினார். “பொண்ணு போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களான்னு கேப்பா. சாப்பிட்டேம்மான்னு சொல்லுவேன். வெச்சிடுவா. அவ்வளவுதான் பேச்சு. அன்னிக்கு ஏன் வண்டி வாங்கலன்னு அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும். அடியில போய்ப் பாருங்க. போன வருஷம் நெசமாவே அது அழுகித்தான் இருந்துச்சா? நீங்க என்ன சொன்னாலும் நான் நம்புவேன்.”

கடைசி வாக்கியம்தான் மெக்கானிக்கை உலுக்கிவிட்டது. திட்டியிருக்கலாம் இந்த மனிதர். மெக்கானிக் தரையில் ஒரு சாக்கை விரித்து, பையிலிருந்து டார்ச்சையும் கம்பி பிரஷ்ஷையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து உள்ளே ஊர்ந்தார். முன் சீட்டுக்கு நேராக வந்ததும் உடம்பு தானாக நின்றது. போன வருஷமும் இதே இடத்தில்தான் நின்றது. அன்றைக்குத் தரை சொதசொதவென்று இருந்தது, இடுப்பு வேறு விண்விண் என்று தெறித்தது. இங்கே படுத்தபடியே டார்ச்சைப் பின்னால் அடித்தார். ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தில் சேசிஸ் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான் பார்த்தார். சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

இன்றைக்கு அவர் நிற்கவில்லை. முழங்கையை ஊன்றி ஊன்றிப் பின்சக்கரம் வரைக்கும் போனார். முதலில் அவர் தேடியது புதுப் பற்றவைப்பு. தீவன வியாபாரி எங்கேயாவது ஒரு தகடு வைத்து ஒட்டியிருக்கக் கூடாதா? ஒரு துண்டு, உள்ளங்கை அகலம் இருந்தால்கூடப் போதும், போன வருஷம் சொன்னது சரியாகிவிடும். மனசார வேண்டிக்கொண்டே இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். எந்த ஒட்டும் இல்லை, கம்பெனியில் வந்த இரும்பு அப்படியே இருந்தது. பிரஷ்ஷால் தேய்த்தார். துரு முகத்தில் கொட்டியது. மேல்தோல்தான் துரு. சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தார். இரும்பு கணீரென்றது. நகர்ந்து இன்னும் நாலு இடத்தில் அடித்தார். அழுகின இரும்பு என்றால் சுத்தியல் முனை உள்ளே இறங்கும். இதில் கீறல்கூட விழவில்லை.

“தம்பி?”

வெளியே வாத்தியாரின் செருப்பு மட்டும் தெரிந்தது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். ‘அழுகிப்போச்சு சார்’ என்று சொன்னால் போதும். இந்த மனிதர் இன்றைக்கே மகளுக்குப் போன் போடுவார். வாங்கியிருந்தாலும் பாதி வழியில் முறிந்திருக்கும்மா என்பார். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த நல்ல காரியத்தில் தன்னுடைய தலையும் சேர்ந்து தப்பிக்கிறது என்பதுதான் அவருக்கு உறுத்தியது. நாக்கு வரை வந்த சொல்லை அவரால் வெளியே தள்ள முடியவில்லை.

“சார்” என்றார். “நான் அன்னிக்குப் பின்னால வரைக்கும் வரல.”

செருப்பு அசையவில்லை.

“தரை ஈரமா இருந்துச்சு. தூரத்துலேர்ந்து பாத்துட்டு சொல்லிட்டேன். வேணாம்னு சொன்னா வம்பில்லைன்னு...” இரும்பை மறுபடி ஒரு முறை தடவினார். “இது நல்ல இரும்பு சார். மேலதான் துரு.”

அந்தப் பக்கம் தரகர் யாரிடமோ ஒரு வண்டியின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. வாத்தியார் போய்விட்டாலும் போகட்டும், காறித் துப்பிவிட்டுப் போனாலும் சரி என்று மெக்கானிக் அப்படியே கிடந்தார்.

செருப்புகள் கழன்றன. முட்டி ஒன்று மண்ணில் ஊன்றியது, பிறகு மற்றொன்று. அறுபத்துமூன்று வயது உடம்பு மூச்சு வாங்க வண்டிக்கு அடியில் நுழைந்தது. சட்டை கிழியும் சார் என்று சொல்ல நினைத்து மெக்கானிக் சொல்லவில்லை. தோளை ஒடுக்கி இடம் விட்டார்.

“எங்க, காட்டுங்க” என்றார் வாத்தியார்.

மெக்கானிக் அவருடைய கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். வாத்தியார் விரல்களால் இரும்பைத் தடவினார். பழுப்புத் தூள் வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது.

“அப்ப ஏறியிருக்கும்.”

“ஏறியிருக்கும் சார்.”

“எறங்கியும் இருக்கும்.”

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். தரகர் திரும்பி வந்து, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு கால்களையும் பார்த்தார். “என்னண்ணே, ரெண்டு பேரும் குடித்தனமே பண்றீங்க. முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார். வாத்தியார் கையை எடுக்கவில்லை. காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி, உள்ளங்கையை முழுசாக விரித்து, அந்த இரும்பின் மேல் வைத்தபடியே படுத்திருந்தார்.