முயற்சி போதாது

எங்கள் தலைமை டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் மூச்சுப் புலி. நுரையீரல் நோய் ஆராய்ச்சியில் முப்பது வருடம், நாற்பத்தோரு கட்டுரை, சுவர் நிறையக் கேடயம். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் கிடக்கும். அது காதுக்கு ஏறி நான் பார்த்ததில்லை. நோயாளி எதிரே இருமிக்கொண்டிருந்தாலும் கணினித் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிற ரகம்.

ஊதும் சோதனை எடுப்பது நான். குழாயை வாயில் கவ்வி ஒரே மூச்சில் ஆறு விநாடி ஊத வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்தத்தான் எனக்குச் சம்பளம். பாதியில் இருமி விட்டுவிட்டால் தாளில் 'முயற்சி போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த ஆள் புலியின் புது மருந்து ஆய்விலிருந்து வெளியே. அந்த மருந்து பலிக்காமல் மூச்சு குறைந்தவர்களால்தான் ஊத முடியவில்லை. அவர்களைத் தள்ளிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் தேறியவர்கள். இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம். புரியாத மாதிரி இருக்கத்தான் வேண்டும்.

இப்படிப் பதினேழு பேரைத் தள்ளியாயிற்று. பதினெட்டாவதாக வந்து மாட்டியது என் அண்ணன். சிமெண்டு ஆலையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவனை நான்தான் இந்த ஆய்வில் சேர்த்துவிட்டிருந்தேன். மூன்றாம் மாதம், கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். மூன்றரை விநாடி. 'முழு முயற்சி. மருந்து பலிக்கவில்லை' என்று எழுதினேன்.

புலி கூப்பிட்டனுப்பினார். அடுத்த மாதம் அவருக்கு இயக்குநர் நாற்காலி. இந்த ஆய்வுதான் ஏணி.

"என்னம்மா இது? ஒழுங்கா ஊதாதவங்களுக்கு என்ன எழுதணும்னு தெரியாதா?"

"உயிரக் கொடுத்து ஊதினான் சார். மருந்துதான் வேலை செய்யல."

"உங்க அண்ணன்ங்கறதால சொல்றீங்க."

"ஆமா சார்."

பதினேழு தாள்களை மேசைமேல் பரப்பினார். சிரிப்பு வேறு.

"இதெல்லாம் யார் கையெழுத்து? இவங்களுக்கெல்லாம் தங்கச்சி இல்லையா?"

அந்த முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. துப்பினால் என்மேலும்தான் தெறிக்கும். தாள்களை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். பதினேழு பேரையும் மறுபடி வரவழைத்து, உள்ளதை உள்ளபடி எழுதி, ஆய்வைக் கண்காணிக்கும் குழுவுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு. பெரிய வீராங்கனை என்ற நினைப்பு. முதல் தாளில் இருந்த எண்ணை அழைத்தேன். அந்த நோயாளியின் மனைவி எடுத்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்தா? அவர் போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா."

அந்த அம்மாளே தொடர்ந்து பேசினார், ஏதோ தப்பு தங்கள் பேரில் என்பது போல.

"சரியா ஊதலன்னு உங்களுக்குக் கோவம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா. பேரப்புள்ள பலூன எடுத்து வச்சுக்கிட்டு, கடைசி நாள் வரைக்கும் ஊதிப் பழகினாரு. அடுத்த தடவ கூப்பிட்டா சரியா செஞ்சுடுவேன்னு."