கிருஷ்ணாயிலில் ஓடும் வண்டி

மத்தியானம் வண்டியை வேலியோரம் நிறுத்தியதும் தணிகைவேல் கேட்கும் முதல் கேள்வி சாந்தாவுக்கு மனப்பாடம். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டான். மீன் விற்றதா என்றும் கேட்கமாட்டான்.

"ஏத்தத்துல இன்னா பண்ணிச்சு?"

அதற்கான பதிலைச் செங்கல்பட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே அவள் யோசித்து வைத்திருப்பாள். நன்றாக ஓடியது என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்ன நாளெல்லாம் அவன் ஸ்பேனரைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ரொம்பக் கெட்டுவிட்டது என்றும் சொல்லக் கூடாது. சொன்னால் முகம் அப்படியே உள்ளே போய்விடும். ஒரு சாயங்காலத்துக்குப் போதுமான பழுதாக இருக்க வேண்டும்.

"ரெண்டு தாட்டி இருமிச்சு. அப்பால சரியாப் பூட்ச்சு."

"இருமும். காத்து ஜாஸ்தி போவுது."

அவன் எழுந்துகொள்வான். அவன் எழுந்து சாக்கை விரித்து வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளால் சோற்றுப் பானையைத் திறக்க முடியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில், கரையேறும் நேரத்தில், அலை உடைகிற இடத்தில் படகின் எஞ்சின் நின்றுபோனது. எஞ்சினைப் பிடித்திருந்தவன் தணிகைவேல். படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. அவனுடைய தம்பி சுதாகர் மறுநாள் பிணமாகத்தான் கரைக்கு வந்தான். அதன்பிறகு தணிகைவேல் கடலுக்குப் போகவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தின் எல்லையையும் தாண்டவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு எல்லம்மாள் அவனைச் சவுக்குத் தோப்பிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவன் கொண்டுபோயிருந்த கயிற்றைத் தன் இடுப்பில் செருகியிருந்தாள். "இவன தனியா வுடாதடி" என்றாள்.

தனியாக விடாமல் எப்படி? கரையில் ஏலம் எடுத்த மீனைச் செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்புக்குக் கொண்டுபோனால்தான் காசு. பஸ்ஸில் மீன் கூடையை ஏற்றமாட்டார்கள். ஏற்றுகிற வண்டிக்காகக் காத்திருந்து போய்த் திரும்ப இருட்டிவிடும். அவள் அந்தப் பழைய மொபெட்டை வாங்கியது அதனால்தான். மிதிகட்டை வைத்த, ஐம்பது சிசி வண்டி. அது ஓடினால் அவன் ஐந்து மணி நேரம் தனியாக இருப்பான். ஓடாவிட்டால் பத்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு எல்லம்மாள் வலைக்கு முடிச்சுப் போடுகிற சாக்கில் எதிரே உட்கார்ந்திருப்பாள். பத்து மணி நேரம் யாரும் உட்காரமாட்டார்கள்.

வாங்கிய மாதமே செயின் கழன்றது. அவள் குனிந்து மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தபோது, படுத்திருந்தவன் எழுந்துவந்து, "தள்ளு" என்றான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டான். சாந்தா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அன்றே முடிவு செய்தாள், இந்த வண்டி அவனுடையது என்று.

ஆனால் அவனுக்குத் தெரிந்தது படகு எஞ்சின் மட்டும்தான். படகு எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடானதும் கிருஷ்ணாயிலுக்கு, அதாவது மண்ணெண்ணெய்க்கு, மாற்றுவார்கள். "பெட்ரோலு விக்கிற வெலைல யாரு ஊத்தறது? நம்ம மிசினு ஓடலியா, இது ஓடாதா?" என்றான். ஆஸ்பத்திரியில் வீசியெறிந்த சலைன் பாட்டில் ஒன்றை எங்கிருந்தோ பிடித்தான். அதில் கிருஷ்ணாயிலை ஊற்றி ஹேண்டில் பாரில் தலைகீழாகக் கட்டி, அதன் குழாயைக் கார்புரேட்டருக்கு விட்டான். சொட்டைக் கூட்டிக் குறைக்கிற உருளையும் அதிலேயே இருந்தது. கடல் காற்றுக்குத் துருப்பிடிக்கக் கூடாதென்று படகில் செய்வதுபோல எல்லா இடத்திலும் கிரீஸைத் தடவினான். பிரேக் கட்டையிலும் தடவினான்.

வண்டி கறுப்பாகப் புகைத்துக்கொண்டு குப்பத்தைத் தாண்டியபோது எல்லம்மாள் கத்தினாள். "அடியே, ஏரோப்ளேன் கெளம்பிச்சு டோய்! மானத்துல ஏறிடாத, மீனு கொட்டிடும்!"

தணிகைவேல் சிரித்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் பார்த்தாள். கால்வாய்ப் பாலத்தில் ஏறுவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பூஞ்சேரிக் கூட்டு ரோட்டில், கல்லுடைக்கிற பட்டறைகளுக்கு நடுவே பாலசுப்ரமணியன் என்கிற மெக்கானிக்கின் கொட்டகை. தள்ளிக்கொண்டு வந்தவளையும் சலைன் பாட்டிலையும் அவன் மாறிமாறிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, வண்டிக்கு வாந்திபேதியா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் பாட்டிலைக் கழற்றினான், பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தான், பிரேக்கிலிருந்த கிரீஸைத் துடைத்தான், பெட்ரோல் குழாயைத் திரும்ப மாட்டினான். "இத்த கடாசிடு. இப்படியே ஓட்டினா பிஸ்டன் கரி புடிச்சு இறுகிப்பூடும்."

"மத்தியானம் திரும்பி வர்றப்ப அப்படியே மாட்டிக் குடுக்கணும் தம்பி."

"இன்னாது?"

"இப்ப இருந்த மாதிரியே. கிரீஸு கூட."

அவன் அவளைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். பாட்டிலில் மிச்சமிருந்த கிருஷ்ணாயிலைத் தன் தகர டப்பாவில் ஊற்றிக்கொண்டான், பாகங்களைக் கழுவ ஆகும் என்று. அதுவே அவன் கூலி. காலிப் பாட்டிலோடு வண்டியை மிதித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனால், அத்தனையும் வண்டி குடித்துவிட்டது என்று தணிகைவேல் நினைத்துக்கொள்வான்.

நான்கு மாதம் இப்படிப் போனது. காலையில் ஒருவன் கெடுத்ததை இன்னொருவன் சரிசெய்வதும், சரிசெய்ததை மத்தியானம் அவளே கெடுத்து எடுத்துப்போவதும். சலைன் பாட்டிலைத் திரும்பக் கட்டுவதை மட்டும் அவள் பாலுவிடம் விடவில்லை. தணிகைவேல் வலை நூலில் வலை முடிச்சாகப் போடுவான். அவளுக்கும் அந்த முடிச்சு தெரியும். கட்டும்போதெல்லாம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் பொய் சொல்லாதவள் இப்போது விரலால்கூடப் பொய் சொல்கிறாள். வெட்கம்தான். ஆனால் அவன் சாகாமல் இருக்கிறான் என்பதற்கு முன்னால் வெட்கம் சின்னதாகத் தெரிந்தது. ஸ்பேனர் இருக்கிற கையில் கயிறு இருக்காது. இதைத்தான் அவள் நம்பினாள். வேறு எதையும் நம்ப அவளுக்கு வழியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கெளுத்தி முள் குத்தி அவளுடைய கட்டைவிரல் வீங்கியிருந்தது. மத்தியானம் பாலுதான் பாட்டிலைக் கட்டிக் கொடுத்தான்.

தணிகைவேல் சாக்கை விரித்து உட்கார்ந்தான். நூலில் கைவைத்தான். அப்படியே நின்றது கை.

"இது யாரு போட்ட முடிச்சு?"

"நான்தான்."

அவன் அவளுடைய வீங்கிய விரலைப் பார்த்தான். "கைய மடக்கு பாப்போம்."

அவளால் மடக்க முடியவில்லை.

"எத்தினி நாளா?"

"நாலு மாசமா. பூஞ்சேரில ஒரு மெக்கானிக்கு."

"கிஷ்ணாயிலு?"

"அங்க ஊத்திடுவேன்."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தான். கார்புரேட்டர், சிலிண்டர், பிஸ்டன், செயின், ஒவ்வொரு நட்டும். எல்லாவற்றையும் சாக்கின்மேல் வரிசையாக வைத்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் சக்கரமும் சட்டமும்தான் மிச்சம். திரும்பப் பூட்ட முயன்றான், முடியவில்லை. எது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எஞ்சினை இவ்வளவு ஆழமாக அவன் ஒருபோதும் பிரித்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தான். சாந்தா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள், அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாதபடி.

விடிந்தபோது கரையில் ஏலம் தொடங்கியிருந்தது. எல்லம்மாள் கூடையோடு வந்தாள்.

"இன்னாடி, மீனு எடுக்க வரல? ஏரோப்ளேன் கெளம்ப..." சாக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நீ போ. நான் குந்திக்கிறேன் இவனாண்ட."

"இன்னிக்கு உன்னால ஆவாதுக்கா."

சாந்தா மீன் கூடையில் சாக்குத் துணியை விரித்து எல்லாப் பாகங்களையும் எடுத்துப் போட்டாள். மீன் வாடையும் கிரீஸ் வாடையும் கலந்து வந்தது. கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"யோவ். எழுந்து வா. பிரிச்சது நீ. நீயே தள்ளிகினு வா."

"எங்க?"

"பூஞ்சேரிக்கு."

அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்பதற்கு அவளிடம் யோசனையே இல்லை. அவனை விட்டுவிட்டுப் போகமுடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. அதனால் அவனையும் எடுத்துப்போகிறாள், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஹேண்டில் பாரைப் பிடித்தான். குப்பத்து எல்லையில் ஒரு கணம் நின்றான். பிறகு நடந்தான். ஹோட்டல்களையும் உளிச்சத்தத்தையும் தாண்டி அவர்கள் போனார்கள்.

பாலத்தின் நடுவில் அவன் நின்றுவிட்டான். கீழே கால்வாய்த் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தாவுக்குத் தலையிலிருந்த பாரம் தெரியவில்லை.

"எனக்கு பயமா கீதுய்யா" என்றாள். "வண்டி ஓடணும்னு இல்ல. உன் கையில எதுனா ஒரு வேலை இருந்தா நீ எங்கியும் போயிற மாட்டன்னுதான்..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"டெய்லி ஒரு ரிப்பேரு சொல்லுவ. ஒரு நாளு இருமும், ஒரு நாளு இழுக்கும், ஒரு நாளு விக்கும். ஒரு வண்டிக்கு அத்தினி வியாதி வராது சாந்தா."

"தெரிஞ்சிகினே எதுக்குய்யா செஞ்ச?"

"நான் எழுந்தாத்தான் நீ சோறு துன்ற." அவன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு இந்த வண்டியே புடிக்கல. எஞ்சின் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிறேன். ஆனா கிஷ்ணாயில்ல ஓடுதுன்னு நெனச்சேன். நான் வெச்ச கைக்கு ஒரு எஞ்சினு நிக்காம ஓடுதுன்னு. அது ஒண்ணு நெசம்னு நெனச்சேன்."

ஸ்பேனர் அவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவள் சாப்பிட வேண்டும் என்பதற்காக அவன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே. அவனுக்கென்று அவன் வைத்திருந்த ஒரே ஒரு விஷயத்தை, தினமும் காலையில் பூஞ்சேரியில், அவள்தான் தகர டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அது அவனுக்கு இப்போது தெரியும். அப்படியென்றால் இனிமேல் எது? அவளுக்குத் தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் தைரியம் இல்லை.

கல் ஏற்றிய லாரி ஒன்று பாலத்தை உலுக்கிக்கொண்டு போனது. கூடைக்குள் பாகங்கள் கலகலத்தன.

"நட." சாந்தா கூடையைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் வண்டியைத் தள்ளினான். அவள் ஒரு கையால் கூடையையும் மறு கையால் வண்டியின் பின்கேரியரையும் பிடித்துக்கொண்டாள். பாலத்துச் சரிவில் வண்டி தானாகவே உருண்டது. பின்னால் இழுபடுவதை உணர்ந்து அவன் திரும்பாமலே சொன்னான்.

"வுடு. நான் எங்கியும் போயிற மாட்டேன்."

சாந்தா கையை எடுக்கவில்லை.