இரண்டு தெரு தூரம்

தங்கச்சி இறந்த மறுநாள் அவளுடைய தையல் மெஷின் வெளிச்சம் விட ஆரம்பித்தது. மின்சாரக்காரர் வந்து பார்த்தார். அது கால் மெஷின், வயரே கிடையாது, ஆகவே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். போர்வை போட்டு மூடினால் போர்வையும் சேர்ந்து ஒளிர்ந்தது. தங்கச்சியின் வீட்டுக்காரர், துக்கம் கேட்க வந்தவர்களிடம், "கண்ணு கூசுச்சுன்னா இந்தப் பக்கமா திரும்பி உக்காருங்க" என்று நாற்காலிகளை மாற்றிப் போட்டார்.

அது என்னவென்று அக்காவுக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்தது. அவளுக்கு விண்வெளித் தொலைநோக்கி நிலையத்தில் வேலை. எங்கோ ஒரு மூலையில் பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது காமா கதிர்கள் ஒரே வெடிப்பாகப் பாய்ந்து வரும், சில நொடிகளில் முடிந்துபோகும். அந்த இடத்தில் கொஞ்சம் பின்னொளி மிச்சமிருக்கும். அது முதலில் மளமளவென்று குறையும், பிறகு இழுத்துக்கொண்டே மங்கும். அதற்குள் தொலைநோக்கியைத் திருப்பிவிட வேண்டும். ஆனால் வெடிப்பைக் கண்டால் மணி அடித்துச் சொல்லும் காவல் செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே, எதற்கெடுத்தாலும் அடிக்கும். சூரியன் தும்மினாலும் அடிக்கும், தன் வயிற்றுக்குள்ளேயே கோளாறு என்றாலும் அடிக்கும். எது நிஜம், எது பொய் என்று சலித்தெடுப்பது அக்காவின் வேலை. ஆபீசில் அவளுக்குச் சல்லடை என்றே பெயர். ஒரு செயற்கைக்கோள் மட்டும் அடித்தால் நம்பாதே, இன்னொன்றும் அடிக்கட்டும் என்ற விதியை எழுதியதே அவள்தான். அதற்குப் பிறகு தொலைநோக்கி வெறும் இருட்டைப் பார்த்து ஏமாந்ததே இல்லை.

தங்கச்சிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பால் பொங்கி வழிந்தாலும் போன், கத்தரிக்கோல் தொலைந்தாலும் போன். "என்னைக்கோ செத்த நட்சத்திரம்னா விழுந்தடிச்சு ஓடுற. உயிரோட இருக்கறவ கூப்பிட்டா மட்டும் உனக்கு வேலை வந்துடுது, இல்லக்கா?" என்பாள். "நீயும் வெடிடி, ஓடி வரேன்" என்பாள் அக்கா.

ஒரு மத்தியானம் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சிதான். நிஜமாவே அவசரம்னா இன்னொரு தடவை அடிப்பா" என்று அக்கா திரைக்குத் திரும்பினாள். அதே நேரம் ஒரு செயற்கைக்கோள் பூமிப் பக்கமாக எதையோ பார்த்து மணி அடித்தது. ஒன்றுதானே என்று அதையும் தள்ளிவிட்டாள். போனும் சரி, செயற்கைக்கோளும் சரி, இரண்டாவது தடவை அடிக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது தங்கச்சி மெஷின்மேல் தலை சாய்த்திருந்தாள். ஊசிக்கு அடியில் அக்காவின் சட்டை பாதி தைத்தபடி இருந்தது.

யாரும் பார்க்காமல் மங்கிய பின்னொளி, இல்லாததாகவே ஆகிவிடும். ஆகவே அக்கா அழுத முகத்தோடு மேலாளரிடம் போய், தொலைநோக்கியைத் தங்கச்சி வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன். "பூமியப் பாத்தா அதோட கண்ணு அவிஞ்சுடும்மா. அப்படியே திருப்பணும்னாலும், ஒண்ணுதானே அடிச்சிருக்கு? நம்பக்கூடாதுன்னு நீதானே எழுதின?" என்றார். அக்கா தினமும் வேலை முடிந்து போய் மெஷின் எதிரில் உட்கார்ந்தாள். வெளிச்சம் சுவரை விட்டது, மேஜையை விட்டது, கடைசியில் ஊசிமுனையில் மட்டும் நின்றது.

அப்போதுதான், செத்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய பழைய செயற்கைக்கோள் ஒன்று மணி அடித்தது. அதே இடம், அதே வெடிப்பு. அடுத்த கணம் தொலைநோக்கி யாருடைய உத்தரவும் இல்லாமல் பூமியைப் பார்த்துத் திரும்பியது. கண் அவியவில்லை. உலகத்துத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் வழக்கம்போல் அறிவிப்பு போயிற்று. தூரம் என்ற இடத்தில் இரண்டு தெரு என்று இருந்தது. மேலாளர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினார்.

"ரெண்டாவதும் அடிச்சிடுச்சு" என்று அக்கா போய்ச் சொன்னாள். தங்கச்சியின் வீட்டுக்காரர் தலையாட்டினார். "அவளுக்கு எப்பவும் உங்க மேலதான் கண்ணு, அக்கா. வந்தீங்கல்ல, உக்காருங்க" என்றார்.

அந்த வெளிச்சம் அதற்குமேல் குறையவில்லை. கண் மங்கிய தெருப் பெண்கள் ஊசியில் நூல் கோக்க அங்கேதான் வருகிறார்கள். தொலைநோக்கி தன் வேலைகளுக்கு நடுவே தினமும் ஒரு தடவை அந்த ஜன்னலை எட்டிப் பார்க்கிறது, ஆபீசில் அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுப்பதில்லை. அக்காவின் போன் ஒரு தடவை அடித்தால் போதும், செருப்பைக்கூட மாட்டாமல் இரண்டு தெருவும் ஓடுகிறாள். பெரும்பாலும் ராங் நம்பர்தான்.