நல்ல நாளில் கொடுத்த படிவங்கள்

திங்கட்கிழமை எடுத்த பட்டியலில் பவுலின் அக்கா பத்தொன்பதாவது. புதன்கிழமை எடுத்ததில் ஐம்பத்தெட்டு. கட்டப்போவது இருபது வீடுகள்தான்.

"ரெண்டு நாள்ல முப்பத்தொம்பது பேர் எனக்கு முன்னாடி வந்துட்டாங்களா? எதுல வந்தாங்க, ட்ரெயின்லயா?" என்று அலுவலக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முதுகிலிருந்த தேயிலைக் கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கவில்லை. போன மழையில் வரிசையாகக் கட்டிய பழைய லயத்தில் அவருடைய அறையின் பின்சுவர் பிளந்துவிட்டது. இப்போது அந்தப் பிளவில் கை நுழையும். அடுத்த மழைக்கு முன் அவருக்கு வேறு இடம் வேண்டும்.

பட்டியலைச் செய்தது நான்தான். கொட்டகலையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்ததால் தோட்ட அலுவலகத்தில் கிடைத்த வேலை. வீட்டுக்கு விண்ணப்பித்த அறுபத்து நான்கு குடும்பங்களின் விபரங்களைப் பதிந்து, முந்திய தேதியில் கொடுத்தவர் முதலில் வரும்படி அடுக்க வேண்டும். கணினியிடம் அதைத்தான் சொல்லியிருந்தேன். அதுவோ எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரிசையில் கொடுத்தது.

அதற்குள் தோட்டத்தில் ஆளுக்கொரு விளக்கம். தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை, பெயர் மேலே போனவர்களிடம் "நான் ஒரு வார்த்த சொல்லி வச்சேன்" என்றார். கீழே போனவர்களிடம் "இது மேலிடத்து வேல" என்றார். கொழும்பில் கடையில் நிற்கும் சின்னராசா தீபாவளிக்குக்கூட ஊருக்கு வராதவர். திங்களன்று இருபத்திரண்டாக இருந்தவர் புதனன்று பதினேழாகிவிட்டார். அவர் யாரைப் பிடித்தார் என்று அவருடைய மனைவிக்கே சந்தேகம்.

இரண்டு பட்டியல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதன்கிழமைப் பட்டியலின் கடைசி ஏழு பேரும் செவ்வாயன்று என்னிடம் வந்தவர்கள். விபரம் பிழையாக இருந்தால் வந்து திருத்துங்கள் என்று நலன்புரி அதிகாரி நிரஞ்சன் சார் அறிவித்திருந்தார். பவுலின் அக்கா முதல் ஆளாக வந்து புது போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். அறிவித்தலை மதித்து வந்த ஏழு பேரும் கடைசிக்குப் போயிருந்தார்கள். வராத சின்னராசா மேலே ஏறியிருந்தார்.

பிறகுதான் தேதிகளைப் பார்த்தேன். அறுபத்து நான்கும் ஒரே தேதி. படிவம் கொடுக்க ஒரு மாதம் அவகாசம் இருந்தது. ஆனால் கோயில் ஐயர் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுக்க, தோட்டமே அன்றைக்குத்தான், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றது. பவுலின் அக்காவும் நின்றார். "மாதா கோயில்காரிக்கு எதுக்கு நல்ல நேரம்?" என்று யாரோ கிண்டல் செய்ய, "வீடு என்ன இந்துவா, வேதக்காரனா?" என்று திருப்பிக் கேட்டார்.

நிரஞ்சன் சாரிடம் போனேன். "தேதிப்படி அடுக்கச் சொன்னேன் சார். தேதி ஒண்ணா இருந்தா என்ன செய்யணும்னு சொல்லல. அது கைக்குக் கெடச்சபடி எடுத்துக் குடுக்குது. ஒருத்தரோட விபரத்தத் திருத்துனா, அதக் கொண்டுபோய்க் கடைசியில வைக்குது."

"அப்ப தலைவர் சொல்ற மேலிடம்?"

"மேலிடம் ஒண்ணும் இல்ல சார். நான் ஒரு சொல்ல விட்டுட்டேன்."

அந்தச் சொல்லைச் சேர்த்தேன். தேதி ஒன்றாக இருந்தால் பதிவு இலக்கப்படி அடுக்கு. அன்று களத்தில் லெப்டொப்புடன் உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்களை நின்றபடியே பதிந்திருந்தேன். ஆகவே பதிவு இலக்கம்தான் வரிசை. மூன்று முறை அச்செடுத்தேன். மூன்றும் ஒன்றே. நிரஞ்சன் சார் மகிழ்ந்துபோய்ச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

பவுலின் அக்கா இருபத்தொன்று.

அவர் விரலை வைத்து இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "சரி புள்ள. இப்பவாவது ஒரு எடத்துல நிக்குதே," என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாம் இலக்கம், பூரணி. என் அம்மா. எல்லாப் பட்டியலிலும் முதலில் நின்ற பெயர் அது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அலுவலகத்தில் வேலை செய்பவளின் அம்மா முதலில் இருப்பது அவர்களுக்கு இயல்பாகப் பட்டது. எனக்கும்தான். உண்மையில் அம்மா அந்த வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்து முடித்து, எல்லோரும் கலைந்த பிறகு கடைசியாக வந்து கையெழுத்துப் போட்டாள். அதற்கு முந்தின நாளே, கணினி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அவள் பெயரை வெள்ளிக்கிழமைத் தேதியிட்டுப் பதிந்திருந்தேன். அதை அழிக்கவே இல்லை.

படிப்பதற்கு ஜன்னலோடு ஓர் அறை என்று புது வீட்டில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. சாயந்தரம் வரை அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முதலாம் பதிவை அழித்து, அம்மாவைக் கடைசியில் பதிந்து, புதுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் சோலைமலை தலைவர் புதுப் பட்டியலைக் கிழித்துக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா சார், திரும்ப ஆடுது! பவுலின் நேத்து இருபத்தொண்ணு, இன்னைக்கு இருபது!"

நிரஞ்சன் சார் தலையில் கை வைத்தார். "நேத்து மூணு தடவையும் ஒரே மாதிரிதானே வந்துச்சு? அதையே அனுப்பிருவோம்."

"நேத்து வந்தது மூணு தடவையும் ஒரே பிழை சார்," என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். தலைவர் என்னை நம்பாமல் பார்த்தார். வீட்டைப் பிடித்தவர்களை அவருக்குத் தெரியும். விட்டவரைத் தெரியாது. கடைசியில் நிரஞ்சன் சார் புதுப் பட்டியலில் கையெழுத்திட்டார்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நேத்து ஆபீஸ்ல போய் நான் சத்தம் போட்டதுலதான் பவுலினுக்கு இருபதாவது எடம்." பவுலின் அக்கா அவருக்கு நன்றி சொன்னார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கூரை ஒழுக்குக்கு வாளியை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாட்டி ஐயருகிட்ட நல்ல நாள் கேக்க வேணாம். எல்லாரும் அன்னைக்குத்தான் வருவாங்க. அதுக்கு முந்தின நாளு, கெட்ட நாளா இருந்தாலும் பரவால்ல, நம்மளத குடுத்துரு."

தோட்டத்தில் அந்தக் கணினியைப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான்.