குடிக்கத் தகுந்த தண்ணீர்

ஹோட்டல் திறக்கத் தேவையான காகிதங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. தீயணைப்புத் துறை அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போனது. டைபாய்டு ஊசி போட்டு எனக்கு ஹெல்த் கார்டு கொடுத்தார்கள். தடைபட்டு நின்றது தண்ணீர்ச் சான்றிதழ். பின்பக்கத்துக் கிணற்றின் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று லேப் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் லைசென்ஸ் இல்லை. முதல் முறை கிருமி இருப்பதாக வந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டு மறுபடி கொடுத்தேன். அதே பதில்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இந்தக் கட்டடத்தைப் பிடித்தது என் மனைவி லிபி. வாடகை பேச வந்த அன்று நேராகக் கிணற்றுக்குப் போனாள். ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் அள்ளிக் குடித்தாள்.

"வாடகைய பொறவு பேசலாம். கிணறு எங்களுக்குத்தானே?" என்று கட்டடக்காரரிடம் கேட்டாள்.

போன ஓணத்துக்கு முன்னால் இறந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை.

விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுக் கொடுப்பவர் சஜி. இரண்டாவது ரிசல்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணா, இதுக்கு எந்தினா இப்படிக் கெடந்து ஓடுறீங்க? மினரல் வாட்டர் வாங்கி லேப் குப்பியில ஊத்திக் கொடுங்க. பாஸாவும். அத்ரேயுள்ளு, அவ்வளவுதான்."

"கிணத்துத் தண்ணி நல்லதான்னு தெரியணும்."

"அப்ப பைப் கனெக்ஷன் எடுங்க. கிணத்த மூடுங்க."

மூடினால் லிபி இந்தக் கிணற்றை நம்பியது தப்பு என்றாகிவிடும். கிணறு சுத்தம் செய்யும் ராஜையனை வரவழைத்தேன்.

அவர் மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியேற்றினார். மதியத்துக்குள் அடி தெரிந்தது. இறங்க வேண்டிய ஆள் வரவில்லை.

"அவன் நேத்துலேந்தே தண்ணியில கெடக்கான் மக்கா. எனக்கு கால் முட்டு மடங்காது."

"நான் இறங்குறேன்."

"காலேஜ் படிச்சவனுக்கு கயிறு பிடிக்கத் தெரியுமா?" என்று சிரித்தார்.

சட்டையைக் கழற்றினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். மாமரக் கிளையைக் கயிற்றில் கட்டி, பலமுறை உள்ளே இறக்கி ஏற்றினார். காற்று கலங்க வேண்டுமாம். பிறகு வாளிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி இறக்கினார். சுடர் சிறுத்துக்கொண்டே போனது. அடியில் நின்று எரிந்தது.

"காத்து இருக்கு. போயிட்டு வா, மோனே."

இடுப்பில் கயிற்றோடு இறங்கினேன். பாதி தூரத்தில் சிமென்ட் உறைகள் முடிந்து வெட்டுக்கல் சுவர் தொடங்கியது. உறைகளுக்கு நடுவே ஒரு விரிசல். அதிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. நாற்றம் அடித்தது. மேலே பார்த்துச் சொன்னேன்.

"பக்கத்து வீட்டுக் குளிமுறி சாக்கடை!" என்று மேலிருந்து கத்தினார் ராஜையன். "அழுக்கெல்லாம் அங்ஙனதான் வருது. பூசிரலாம்!"

அடியில் கால் வைத்தேன். தலைக்கு மேலே அரிசி லாரிகள் ஓடும் சாலை. இங்கே ஒரு சத்தமும் இல்லை. சுற்றிலும் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. காலடியில் வெள்ளை மணல் ஓரிடத்தில் மட்டும் அசைந்தது. குனிந்து பார்த்தேன். மணலைப் புரட்டிப் புரட்டித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இருந்ததையெல்லாம் மோட்டார் உறிஞ்சிவிட்டது. இது அவசரப்படவில்லை. நிற்கவும் இல்லை. எங்கே பெய்த மழையோ. யாரும் பார்க்காத இருட்டில், இந்தத் தெரு உண்டாவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் வந்திருக்கும்.

விரலை வைத்தேன். அது என் விரலைத் தள்ளியது.

உடம்பு முழுவதும் சிலிர்த்தது. எதையும் உணர்ந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. மண்டியிட்டேன். மெழுகுவர்த்தி பக்கத்தில் எரிந்தது.

"மக்கா! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.

விரிசலை உள்ளிருந்தே பூசினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாக்கடைக் குழாயையும் மாற்றினார்கள். கிணறு நிறைந்தபின் மருந்து போட்டு, மறுபடி இறைத்து, ஊறவிட்டுக் குப்பியில் எடுத்துக் கொடுத்தேன்.

ரிசல்ட்டை சஜியிடம் நீட்டினேன். குடிக்கத் தகுந்தது என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கம்பெனி வாட்டர், அண்ணா?"

அவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போய் ஒரு டம்ளர் கொடுத்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். குடித்தோம்.

அவர் டம்ளரை மறுபடி நீட்டினார். நான் வாளியை இறக்கினேன்.