ஆறு செயலிகளும் நாற்பத்தோராம் வரியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்குத் துளியும் இருந்ததில்லை. ஒரு பத்திரிகையின் ஆசிரியை என்னிடம் கேட்டது கட்டுரை. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: மேடை நிர்வாகிகளுக்குப் பயன்படும் கைபேசிச் செயலிகள். எண்ணூறு வார்த்தை, ஒரு புகைப்படம், ஒரு வாரக் கெடு. நாடகம் பார்க்கிறவர்களுக்கே மேடை நிர்வாகி என்று ஒருவர் இருப்பது தெரியாது, அவர் போனில் என்ன வைத்திருக்கிறார் என்று யார் அழுதார்கள் என முணுமுணுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் ஆகப்போகிறது. கட்டுரை போகவில்லை. ஆசிரியை இப்போது என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

கதையின் முதல் வரியாக நான் எழுதி அடித்தவை இவை:

"மேடை இருட்டாக இருந்தது." (எந்த மேடைதான் இருட்டாக இருந்ததில்லை.)

"அவளுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தது யார் என்று குழுவில் யாருக்கும் ஞாபகமில்லை." (பரவாயில்லை.)

"அந்த ஜன்னல் சட்டம் இறங்கிய நேரத்தில் நான் வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு —"

மூன்றாவதை முடிக்க என்னால் முடியவில்லை. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

2

அவளுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்தது யார் என்று குழுவில் யாருக்கும் ஞாபகமில்லை. (நேரில் 'நீங்க' என்றுதான் பேசினேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். எழுதுகிறவனுக்கு இந்தத் திமிர் உண்டு.) பதினெட்டு வருஷமாக மேடையின் இடது ஓரம், பக்கத்திரைக்குப் பின்னால் ஓர் உயரமான ஸ்டூல்தான் அவள் இடம். காதில் ஹெட்செட், கையில் போன். "பன்னெண்டு, போடு" என்று அவள் மெல்லச் சொன்னால் விளக்குக்காரர் விளக்கைப் போடுவார். "பதிமூணு, இறக்கு" என்றால் கயிற்றுக்காரர் கயிற்றை விடுவார். அவள் எண் சொல்லாமல் அங்கே ஒரு பல்பு எரியாது. நடிகர்கள் கைதட்டலை வாங்கிக்கொண்டு போவார்கள், அவள் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டுப் போவாள்.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை மூன்று ஐம்பதுக்கு. அரங்கம் காலி. எங்கோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய சமையலறையைச் சுற்றிக் காட்டுகிற பெருமையோடு அவள் தன் போனைத் திறந்து காட்டினாள்.

முதலில் ஒரு ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு காட்சியும் தினமும் எத்தனை நிமிஷம் ஓடியது என்பதெல்லாம் அதில் இருந்தது. "ஹீரோவுக்குச் சளி பிடிச்சா ரெண்டாவது சீன் நாப்பது செகண்ட் நீளும் சார். டாக்டருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்." பிறகு சிவப்பு வெளிச்சம் மட்டும் தரும் ஒரு டார்ச். அரங்கத்தின் இரைச்சலை அளக்கிற ஒன்று. மேஜை நாற்காலி நிற்கவேண்டிய இடத்தைக் கேமராவாலேயே அளந்து சொல்கிற ஒன்று. ஐந்தாவது, தூங்குகிற கைக்குழந்தை சிணுங்கினால் அம்மாவை எழுப்புகிற செயலி. ஒரு பழைய போனில் அதைப் போட்டு ஒப்பனை அறையில் வைத்திருந்தாள். அங்கே யார் என்ன பேசினாலும் இவளுக்குக் கேட்டுவிடும். "குழந்தைங்களுக்கும் நடிகருங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல சார்" என்றாள். சிரித்தேன், குறித்துக்கொண்டேன்.

ஆறாவதுதான் பட்டியல் செயலி. நாடகம் முழுக்க அவள் சொல்லவேண்டிய கட்டளைகள் வரிசையாக அதில் இருந்தன. ஒரு வரியை அழுத்திப் பிடித்தால் அது எழும்பிவரும். வேண்டிய இடத்துக்கு இழுத்து விடலாம், எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். "எங்க டைரக்டருக்கு மனசு மாறிட்டே இருக்கும். இந்த வாரத்துல மட்டும் மூணு தடவ மாத்திட்டாரு. பேப்பரா இருந்தா அடிச்சு அடிச்சே கிழிஞ்சிருக்கும்."

"முப்பத்தேழு தடவ போட்ட நாடகம். உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே, எதுக்குப் பாத்துப் படிக்கணும்?" என்று கேட்டேன்.

"மனப்பாடமா இருக்கறவங்கதான் சார் அசந்துபோவாங்க. எனக்கு என் ஞாபகத்து மேல நம்பிக்கையே கெடையாது. லிஸ்ட்ல என்ன இருக்கோ அதத்தான் சொல்லுவேன்."

மூன்று வரிகளை மட்டும் எடுத்துக்காட்டாக விளக்கினாள்.

40. விளக்கு அணை.
41. தோள்.
42. ஜன்னல் சட்டம் இறக்கு.

நாற்பதில் மேடை முழு இருட்டாகிவிடும். அந்த இருட்டில் வெளியே வரும் நடிகை, ஸ்டூலைக் கடக்கும்போது இவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகவேண்டும். அதுதான் நாற்பத்தொன்று. தட்டு விழுந்தால் மேடை காலி என்று அர்த்தம். அப்புறம்தான் மேலே கயிற்றில் தொங்கும் மரச்சட்டம் இறங்கும். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கனம்.

அந்த நடிகை வேறு யாருமில்லை, இவளுடைய நாத்தனார். குழுவில் எல்லாருக்கும் சின்னவள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். "வீட்ல சண்டைன்னா அன்னிக்குத் தட்டு கொஞ்சம் பலமா விழும் சார்."

3

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. கதைக்கு அவசியமில்லை.]

4

அன்று மாலை ஆட்டம் தொடங்க அரைமணி இருக்கும்போது, வழக்கம்போலப் பட்டியலை முதலிலிருந்து படித்தாள். நாற்பத்தொன்று: ஜன்னல் சட்டம் இறக்கு. நாற்பத்திரண்டு: தோள்.

விரல் நின்றது. டைரக்டர் மறுபடி மாற்றிவிட்டார் போலிருக்கிறது, சின்னவளைச் சட்டத்துக்குப் பின்னால் சுற்றி வரச் சொல்லியிருப்பார், மத்தியானம் அவர் சொன்னபடி நான்தான் மாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என எழுந்தாள். அதற்குள் ஒப்பனை அறையில் யாருக்கோ சட்டைப் பொத்தான் அறுந்து ஒரே கூச்சல். ஊசி நூலோடு ஓடினாள். திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டார்கள்.

"நாப்பது. அணை."

இருட்டு.

"நாப்பத்தொண்ணு. இறக்கு."

மரம் தரையில் உட்காரும் சத்தம் வரவேண்டிய இடத்தில் வேறொரு சத்தம் வந்தது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். நாடகத்தில் ஏதோ பிரமாதமாக நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

அவள் அடுத்த வரியைப் படித்தாள். தோள். தோளைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். இருட்டில் யாரும் வரவில்லை. ஏழு எண்ணும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. விளக்கைப் போடச் சொல்ல வாய் திறந்தாள், சத்தம் எழும்பவில்லை. ஹெட்செட்டில் விளக்குக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்: "அக்கா, நம்பர் சொல்லுங்க. அக்கா, என்ன நம்பர்?"

(இந்த இடத்தை நான்கு தடவை எழுதினேன். நான் அங்கே இல்லை. பின்னால் அவள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். எழுத்தாளனின் மென்மையான மனசு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.)

5

சின்னவளுக்குக் காறை எலும்பு இரண்டு துண்டு. தோள் மூட்டும் நொறுங்கிப்போனது. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. வலது கையைத் தோளுக்கு மேல் இனி தூக்க முடியுமா என்று கேட்டால் டாக்டர், பார்க்கலாம் என்கிறார். அவளுக்கு வயது முப்பத்தொன்று.

கடிகாரத்தின் புருஷன் தங்கைக்கு மாத்திரை கொடுத்தாயா, டாக்டர் வந்தாரா என்று மட்டும் மனைவியிடம் கேட்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

இயக்குநரோ, "நான் மாத்தச் சொல்லவே இல்லையே" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அவள் செயலிக்குள் நோண்டிப் பார்த்தாள். ஒவ்வொரு மாற்றமும் எப்போது நடந்தது என்பதையும் அது எழுதி வைத்துக்கொள்ளுமாம். கடைசி மாற்றம்: செவ்வாய், மாலை 4.17.

எட்டாவது நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், அன்னிக்கு நீங்க கூடத்தான இருந்தீங்க. நாலு பதினேழுக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"ஏம்மா?"

"அப்பதான் மாத்தியிருக்கேன். என் போன், என் கை. ஆனா எனக்கு அது நெனப்பே இல்ல சார். துளிகூட இல்ல." மூச்சு வாங்கினாள். "எங்க வீட்டுக்காரரு திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். இது பயமா இருக்கு. செஞ்சது எதுவுமே ஞாபகம் இல்லாம இருந்தா, நாளைக்கு அடுப்ப அணைக்காம விடுவேன், வேற யாரையாவது கொல்லுவேன். இந்த வேலைக்கு மட்டும் இல்ல சார், எதுக்குமே நான் லாயக்கில்லையோன்னு தோணுது."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா. பாத்துச் சொல்றேன்" என்றேன்.

எல்லாம் தன் தவறுதான் என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டதாகச் சொன்னாள். சின்னவளுக்கு இரண்டாவது அறுவை முடிந்து தேறியதும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இனி அரங்கத்துப் பக்கமே போவதில்லையாம்.

3 (மறுபடியும்)

முதல் வரைவில் 'கட்டுரைக்காரர்' என்று ஒரு பாத்திரம் இருந்தார். போனை வேடிக்கை பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார், போய்விடுவார். உயிரில்லாத பாத்திரம், கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவரைத் தூக்கிவிட்டேன். அவரோடு மூன்றாம் பகுதியும் போயிற்று. ஆனால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கதை பொய். பொய் என்றால் கதையில் வருகிற பொய்யல்ல, பச்சைப் பொய். ஆகையால் திரும்ப வைக்கிறேன்.

கட்டுரைக்காரர் பேட்டியைத் தன் போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். மூன்று ஐம்பதுக்குத் தொடங்கிய பதிவு. இருபத்தேழாவது நிமிஷத்தில் விளக்குக்காரரின் குரல் தூரத்திலிருந்து "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்கிறது. "ஒரு நிமிஷம் இத வெச்சிருங்க சார், வந்துடறேன்" என்று அவள் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். செருப்புச் சத்தம் தேய்கிறது. கட்டுரைக்காரர் பட்டியலின் அடுத்த பக்கத்தைப் பார்க்கக் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளுகிறார். ஒரு வரி விரலோடு ஒட்டிக்கொண்டு எழும்பி வருகிறது. பதறிப்போய் விரலை எடுக்கிறார். வரி எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. பதிவில் அந்த இடத்தில் அவர் "ச்ச" என்பது தெளிவாகக் கேட்கிறது.

அவள் திரும்பி வருகிறாள். "பாத்தீங்களா சார்?"

"பிரமாதம்மா" என்கிறேன்.

ஆமாம், என்கிறேன். அவர் இல்லை, நான்தான். என் விரலில் ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்தது அந்த நொடியே எனக்குத் தெரியும். 'அம்மா, கை பட்டுவிட்டது, ஒருமுறை சரிபாருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். போனைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஆளா செயலிகளைப் பற்றி எழுத வந்திருக்கிறார் என்று நினைப்பாளே என்று வெட்கப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்குமா என்று மூன்று வாரமாகத் தேடினேன், கிடைக்கவில்லை.

அவள் எட்டாவது நாள் கூப்பிட்ட பிறகுதான் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் "ச்ச" தெளிவாகக் காதில் விழுந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அது இன்னொருவர் குரலாக மாறவே இல்லை.

6

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) நான் சொல்கிறேன். அவள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே இது வேண்டாம். திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போவது நான்தானே.

(ஆ) நான் சொல்கிறேன். அவள், "போனைக் கையில குடுத்துட்டுப் போனது நான்தான சார்" என்கிறாள். அவளை ஒருமுறை பார்த்த யாருக்கும் இப்படித்தான் சொல்வாள் என்று தெரியும். என் தவறையும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். ஆனாலும் தன் மூளையில் கோளாறு இல்லை என்பதாவது அவளுக்குத் தெரிந்துவிடும்.

(இ) நான் சொல்வதில்லை. இதைக் கதை என்று போட்டுவிடுகிறேன். யாருக்கும் பெயர் இல்லை, ஊர் இல்லை. படித்தவர்கள், உத்தி அருமை, அந்தக் கட்டுரைக்காரர் நீங்களே என்று காட்டிய இடம் திடுக்கிட வைத்தது என்று எழுதுவார்கள். நான் அடக்கமாக நன்றி சொல்வேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருப்பது (இ)தான். முதல் வரிக்கு இத்தனை பாடுபட்டதும், பகுதிகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்ததும், ஒரு நிமிஷப் போன் பேச்சைத் தள்ளிப்போடத்தான்.

7

இன்று காலை பத்து மணிக்கு அவள் எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது வேறு குரல்.

"அண்ணி இப்பதான் வெளிய போனாங்க. போனை எங்கிட்டயே குடுத்துட்டாங்க, இனிமே இதத் தொடமாட்டாங்களாம். நீங்க யாரு பேசறது?"

சின்னவள். நான் கட்டுரை எழுத வந்தவன் என்றேன்.

"ஓ, அந்த சாரா. அண்ணி சொல்லியிருக்காங்க. நீங்க ரொம்பப் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டீங்கன்னு." கட்டிலின் கம்பி லேசாகக் கிரீச்சிட்டது. "லெட்டர் குடுக்கத்தான் கெளம்பினாங்க. வேணாம் அண்ணி, உங்க மேல எனக்குக் கோவமே இல்லன்னு எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்கல. லிஃப்ட் இன்னும் வரல சார். கதவு வழியா எனக்குத் தெரியுது, அங்கதான் நிக்கிறாங்க. கூப்பிடட்டுமா? என்னால சட்டுனு எந்திரிக்க முடியாது. சத்தம் போட்டா திரும்பிப் பாப்பாங்க."

போன் மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் இந்தக் காகிதம்.

'கூப்பிடும்மா' என்று சொல்லிவிட்டேன் என இங்கே எழுத எனக்கு ஒரு நொடி போதும். நீங்கள் நம்பிவிடுவீர்கள். அச்சில் பார்த்தால் நானும் நம்பிவிடுவேன். ஆகவே அதை எழுதப்போவதில்லை. எழுதாமல் விட்டதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். பேனாவை மூடுகிறேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா? லிஃப்ட் வந்துடுச்சு. கூப்பிடட்டுமா, வேணாமா?"